வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்ட தீர்க்கதரிசி

கேள்வி: நாங்கள் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பெருநிலத்துப் பக்கம் உள்ள செபராங் பிறையில் வசிக்கிறோம். என் கணவர் பாயான் லெப்பாஸில் உள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினோரு ஆண்டுகள் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்தார். மாதச் சம்பளம் 3,600 ரிங்கிட். ஐந்து வாரங்களுக்கு முன்பு ஆட்குறைப்பு என்று சொல்லி, இரண்டு மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து, ஒரு தாளில் கையொப்பம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். பாலர் பள்ளியில் எனக்கு அரைநாள் வேலை. வீட்டுக் கடன், கார்க் கடன், இரண்டு கடன் அட்டைகள் இருக்கின்றன. மூத்த மகள் இந்த ஆண்டு ஐந்தாம் படிவ அரசுத் தேர்வான எஸ்.பி.எம் எழுதுகிறாள், தேர்வு முடிந்ததும் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போவதாகச் சொல்கிறாள். மகன் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. என் மாமியாருக்கும் சபையாருக்கும் தெரியக்கூடாது என்று கணவர் இன்னும் தினமும் காலையில் சீருடை அணிந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டுப் போகிறார். மாலையில் வந்து யாரோடும் பேசுவதில்லை. மனம் தாங்காமல் ஜெபக்குழுவில் மூத்த ஒருவரிடம் சொன்னேன். எங்கள் விசுவாசக் குறைவே காரணம் என்றும், 1,000 ரிங்கிட் விதைக் காணிக்கை படைத்தால் கர்த்தர் கதவைத் திறப்பார் என்றும் அவர் சொன்னார். தெரிந்தவர் ஒருவர் மாதம் பத்து விழுக்காடு வட்டிக்கு 5,000 ரிங்கிட் தருவதாகவும், ஏ.டி.எம் அட்டையை மட்டும் கொடுத்துவைத்தால் போதும் என்றும் சொல்கிறார். இப்போது ஜெபிக்க உட்கார்ந்தால் எனக்கு வார்த்தையே வரவில்லை. தசமபாகம் கொடுக்க முடியாமல் போனது பாவமா? இந்த நிலையில் நம்பிக்கையை எப்படிக் காத்துக்கொள்வது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் விசுவாசத்தைப் பற்றிய கலக்கம் நிறைந்திருக்கிறது. பணத்தைப் பற்றிய விவரங்களையோ போகிற போக்கில் சொல்லிச் செல்கிறீர்கள். கோலாலம்பூரில் வேலையிழந்த குடும்பங்களோடு பல ஆண்டுகளாகப் பேசிவரும் குடும்ப நல ஆலோசகர் என்ற முறையில் நான் அந்த விவரங்களிலிருந்துதான் தொடங்கப்போகிறேன். உங்கள் ஆத்தும வேதனையைச் சிறிதாக எண்ணி அப்படிச் செய்யவில்லை. ஞாயிறுதோறும் தமிழ் ஆராதனையில் கலந்துகொள்கிறவள் நான். நீங்கள் கேட்டிருக்கும் கேள்விகள் என் சபையிலும் எழுகின்றன. ஆனாலும் நம்பிக்கை எங்கிருந்து தொடங்குகிறது என்று வேதத்தைக் கேட்டால், பெரும்பாலும் நாம் எதிர்பார்க்காத இடத்தையே அது காட்டுகிறது.

இரண்டாம் இராஜாக்கள் நான்காம் அதிகாரத்தை நீங்கள் அறிவீர்கள். கடன்பட்ட ஒரு விதவை தீர்க்கதரிசியான எலிசாவிடம் வந்து முறையிடுகிறாள். அவளுடைய கணவன் தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவன், கர்த்தருக்குப் பயந்து நடந்தவன். அப்படிப்பட்டவன் இறந்தபோது வீட்டில் மிஞ்சியது கடன்தான். கடன்காரன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்து நிற்கிறான். இந்தப் பகுதியைப் பிரசங்கிக்கிறவர்கள் எண்ணெய் பெருகிய அற்புதத்துக்கு விரைந்து போய்விடுகிறார்கள். அதற்கு முன்னால் நடக்கும் உரையாடலில் கொஞ்சம் தங்கிப் பாருங்கள். எலிசா அவளுடைய விசுவாசத்தை அளந்து பார்க்கவில்லை. கர்த்தருக்குப் பயந்தவன் ஏன் கடனாளியாகச் செத்தான் என்று அவர் கேட்கவுமில்லை. ‘நான் உனக்கு என்னசெய்யவேண்டும்? வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது சொல்’ என்றுதான் கேட்கிறார். ஒரு குடம் எண்ணெயைத் தவிர வேறொன்றும் இல்லை என்று அவளும் ஒளிக்காமல் சொல்கிறாள். பிறகு அவளை அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அனுப்பி, வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கி வரச் சொல்கிறார். அதிலும் கொஞ்சமாக வாங்க வேண்டாம் என்கிறார். அந்தத் தெருவில் அவளுடைய நிலை தெரியாத வீடு ஒன்றுகூட இருந்திருக்காது. எண்ணெய் பெருகியதோடும் கதை முடியவில்லை. ‘நீ போய் அந்த எண்ணெயை விற்று, உன் கடனைத் தீர்த்து, மீந்ததைக்கொண்டு நீயும் உன் பிள்ளைகளும் ஜீவனம்பண்ணுங்கள்’ என்று அவர் சொல்லும் வார்த்தைகளில், எதை முதலில் செய்வது, எதை அடுத்ததாகச் செய்வது என்ற வரிசையே அடங்கியிருக்கிறது. அற்புதம் நடந்த வீட்டிலும் சந்தைக்குப் போகிற வேலையும் கணக்குத் தீர்க்கிற வேலையும் அந்தப் பெண்ணுக்கே இருந்தன.

ஆகவே எலிசா கேட்டதையே நானும் கேட்கிறேன்: உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது? நீங்கள் நினைப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கிறது என்று உங்கள் கடிதத்தை வைத்தே சொல்ல முடியும்.

முதலாவது, உங்கள் கணவர் வாங்கிய இரண்டு மாதச் சம்பளம். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவரை ஆட்குறைப்புச் செய்யும்போது, வேலை ஒப்பந்தத்தில் அதைவிடக் கூடுதலாகச் சொல்லப்பட்டிருந்தாலொழிய, எட்டு வார முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அந்த எட்டு வாரத்துக்கான சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். உங்களுக்குக் கிடைத்தது அந்த முன்னறிவிப்புக்கான ஈட்டுத்தொகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதற்கு மேல், வேலைநீக்க, ஆட்குறைப்பு நன்மைகளுக்கான 1980 ஆம் ஆண்டு விதிமுறைகள், மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத சம்பளம் வாங்கி, ஐந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு, ஒவ்வோர் ஆண்டு சேவைக்கும் 20 நாள் ஊதியம் என்ற கணக்கில் தனியாக இழப்பீடு வழங்கச் சொல்கின்றன. பதினோரு ஆண்டுக்கு 220 நாள் ஊதியம் வருகிறது; அது ஏழு மாதச் சம்பளத்துக்கும் மேலான தொகை. வேலை முடிந்த ஏழு நாளுக்குள் அதைக் கொடுத்திருக்க வேண்டும். கையொப்பம் போட்டுக் கொடுத்துவிட்டோமே, இனி என்ன செய்ய முடியும் என்று நீங்களே முடிவுகட்டிவிடாமல், அந்தத் தாளின் நகலையும் வேலைநீக்கக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். புகார் கொடுப்பதற்கு வழக்கறிஞர் தேவையில்லை.

இரண்டாவது, சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனம். 2018 முதல் நடைமுறையில் இருக்கும் வேலைக் காப்புறுதித் திட்டத்துக்காக உங்கள் கணவரின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் ஒரு சிறு தொகை பிடிக்கப்பட்டிருக்கும். சம்பளச் சீட்டைப் பார்த்தால் தெரியும். ஆட்குறைப்பில் வேலையிழந்தவர்களுக்கு அத்திட்டத்தின்கீழ் வேலை தேடும் காலத்துக்கான உதவித்தொகை கிடைக்கிறது. முதல் மாதத்தில் சம்பளத்தில் 80 விழுக்காடாகத் தொடங்கி, அடுத்தடுத்த மாதங்களில் குறைந்துகொண்டே வரும். சந்தா கட்டிய காலத்தைப் பொறுத்து அதிகபட்சம் ஆறு மாதம் வரை கிடைக்கலாம். வேலை தேடித் தருவதும், புதிய தொழிற்பயிற்சிக்குக் கட்டணம் தருவதும் அதே திட்டத்தில் அடங்கியவை. இதில் நீங்கள் உடனே கவனிக்க வேண்டியது காலக்கெடு: வேலையிழந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். ஐந்து வாரம் போய்விட்டது. நல்ல திறமையும் முழுத் தகுதியும் உடையவர்கள், வேலை போனதை வெளியில் சொல்லக் கூச்சப்பட்டே இந்தக் கெடுவைத் தவறவிடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. ஏனென்றால் அது தர்மமாகக் கொடுக்கப்படும் பணமன்று, அவர்கள் சந்தா கட்டிக் காத்துவைத்த உரிமை.

ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் முதல் உருவாக்கப்பட்டுள்ள நெகிழ்வுக் கணக்கில் இருக்கும் தொகையை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். சொக்சோ பணமும் இழப்பீடும் என்னவாகின்றன என்று தெரிந்த பிறகு, வீட்டுக் கடன் தவணைக்கோ சாப்பாட்டுக்கோ வேறு வழியில்லை என்றால் மட்டும் எடுங்கள்.

இப்போது அந்த 5,000 ரிங்கிட் கடனுக்கு வருகிறேன். வேண்டாம். மாதம் பத்து விழுக்காடு என்றால் மாதம் 500 ரிங்கிட் வட்டி; ஓராண்டில் 6,000 ரிங்கிட் கட்டிய பிறகும் வாங்கிய 5,000 அப்படியே நிற்கும். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் ஈடில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவதற்குச் சட்டத்தில் இடமில்லை. ஏ.டி.எம் அட்டையைக் கேட்கிறவர் தெரிந்தவராக இருந்தாலும், சிரித்த முகத்தோடு ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவராக இருந்தாலும், அவர் செய்வது ஆலோங் எனப்படும் உரிமமில்லா வட்டிக்காரரின் தொழில்தான். சொக்சோ உதவித்தொகை உங்கள் கணவரின் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். அந்தக் கணக்கின் சாவியை முன்கூட்டியே இன்னொருவரிடம் கொடுத்துவிட்டால் உங்கள் பிள்ளைகளின் அரிசியை அவர் எடுத்துக்கொள்வார். எலிசாவிடம் வந்த விதவை எந்தக் கடன்காரனுக்குப் பயந்து ஓடி வந்தாளோ, அவனைப் போன்ற ஒருவனிடம் நீங்களாகவே போய்ச் சேர வேண்டாம்.

வங்கிக் கடன்களுக்கு நேர்மையான வழி இருக்கிறது. மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம் கட்டணம் எதுவும் வாங்காமல் உங்கள் கணக்குகளைப் பார்த்து, வீட்டுக் கடன், கார்க் கடன், கடன் அட்டை ஆகியவற்றை வங்கிகளோடு பேசி, நீங்கள் தாங்கக்கூடிய தவணையாக மாற்றியமைக்க உதவும். பினாங்கிலும் அதற்குக் கிளை உண்டு. தவணை தவறுவதற்கு முன்பே போனால் பேச்சு சுலபமாகும். கார் விஷயத்தில் ஒன்றை நினைவில் வையுங்கள்: தொடர்ந்து இரண்டு தவணைகள் தவறினால், முறையான அறிவிப்புக் கொடுத்த பிறகு வண்டியை எடுத்துச்செல்லும் உரிமை வங்கிக்கு வருகிறது, வண்டியின் மொத்த ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவில்லாமல் எடுக்க முடியாது. வங்கிக் கடிதங்கள் வந்தால் பிரித்து வாசியுங்கள். பயத்தில் அவற்றைப் பிரிக்காமல் அலமாரியில் அடுக்கிவைக்கும் வீடுகள் பல உண்டு. உங்கள் வீடும் அப்படி ஆகிவிட வேண்டாம்.

இனி உங்கள் கணவரைப் பற்றி. கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்திய பகுதி இதுதான். போகிற இடம் இல்லாதவர் தினமும் காலையில் சீருடை அணிந்து புறப்படுவதில் பெட்ரோல் செலவாகிறது, தேடியிருக்கக்கூடிய வேலைக்கான நேரம் போகிறது. அவற்றைவிடப் பெரிய இழப்பு, தன் துக்கத்தோடு அவர் முற்றிலும் தனியாக இருக்கிறார் என்பது. மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் ஆண்மகனின் மதிப்பைச் சம்பளச் சீட்டோடு கட்டிவைத்திருக்கிறோம். சீட்டு நின்றதும் மனிதனே நின்றுபோனதாக அவனுக்குத் தோன்றுகிறது. நம் முன்னோர் காலத்தை எண்ணிப் பாருங்கள். 1930-களின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் ரப்பர் விலை சரிந்தபோது, தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களை மீண்டும் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். விலை சரிந்ததற்குப் பால்மரம் வெட்டியவனின் சோம்பலும் காரணமில்லை, அவனுடைய பக்திக் குறைவும் காரணமில்லை. 1972-இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையும் அப்படித்தான் உலகச் சந்தையின் ஏற்ற இறக்கத்தோடு கட்டுண்டு கிடக்கிறது. எங்கோ ஒரு நாட்டில் ஆர்டர் குறைந்தால் இங்கே ஒரு பிரிவு மூடப்படுகிறது. உங்கள் கணவரின் பதினோரு ஆண்டு உழைப்பைப் பற்றி அந்த முடிவு எதையும் சொல்வதில்லை.

இதை அவரிடம் நீங்கள் வாதமாக எடுத்து வைக்காதீர்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு, ‘ஏன் மறைக்கிறீர்கள்’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘பகலெல்லாம் எங்கே இருக்கிறீர்கள், சாப்பிடுகிறீர்களா’ என்று கேளுங்கள். அவர் பேசத் தொடங்கினால் குறுக்கிடாமல் கேளுங்கள். தான் இருந்து என்ன பயன், தான் இல்லாவிட்டால் காப்புறுதிப் பணமாவது வருமே என்பது போன்ற பேச்சு வந்தாலோ, தூக்கமும் சாப்பாடும் அறவே நின்றாலோ, தன் பொருள்களை எடுத்துக் கொடுக்கத் தொடங்கினாலோ அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தாலியான் காசே என்ற 15999 எண்ணும், பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-76272929 எண்ணும் இரவு பகல் எந்நேரமும் எடுக்கப்படும். தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த சட்டப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே உதவி கேட்டால் வழக்கு வருமோ என்ற பயத்துக்கு இனி இடமில்லை. அப்படி எதுவும் இல்லை என்றே நம்புகிறேன், ஆனாலும் இதை எழுதாமல் கடந்துபோக என்னால் முடியாது.

மாமியாரிடமும் சபையிலும் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கணவரே தேர்ந்தெடுக்கும் இருவரிடமோ மூவரிடமோ, உங்கள் போதகரிடமும் சேர்த்து, அவர் வாயாலேயே சொல்லட்டும். கிருமித்தொற்றுக் காலத்தில், 2021-இன் நடுப்பகுதியில், சாப்பாட்டுக்கு வழியில்லாத வீடுகள் வாசலில் வெள்ளைக் கொடி கட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று பார்க்காமல் அக்கம்பக்கத்தார் அரிசியும் முட்டையும் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தக் கொடியைக் கட்டுவதற்கு வேண்டிய மனத்துணிவை நான் மிகவும் மதிக்கிறேன். விதவையை அயல்வீடுகளுக்கு அனுப்பிய எலிசா கேட்டதும் அந்தத் துணிவைத்தான். கடன் கொடுக்கும் அளவுக்கு வசதி இல்லாத வீட்டிலும் ஒரு வெறும் பாத்திரம் இருக்கும். உங்கள் விஷயத்தில் அந்தப் பாத்திரம் குலீம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் மேற்பார்வையாளராக இருக்கும் ஒரு சபை சகோதரரின் பரிந்துரையாக இருக்கலாம், பத்து காவானில் ஆள் எடுக்கிறார்கள் என்ற ஒரு செய்தியாகவும் இருக்கலாம். இரண்டு இடங்களும் நீங்கள் இருக்கும் பெருநிலத்துப் பக்கத்தில் இருப்பதால் தீவுக்குப் போகும் பாலத்தைக் கடக்க வேண்டிய தேவைகூட இல்லை. இயந்திரப் பராமரிப்பில் பதினோரு ஆண்டு அனுபவம் உள்ளவர் வேலை தேடுகிறார் என்று ஒருவருக்கும் தெரியாவிட்டால், யார் வந்து அழைப்பார்கள்?

ஜெபக்குழுவில் மூத்தவர் சொன்னதைப் பற்றி நான் மென்மையாகப் பேச முயன்றாலும், அந்த உபதேசத்தைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்தே இருக்கிறது. சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் இறந்தபோது, எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் அதிகக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று இயேசு கேட்டார்; அப்படியல்லவென்று அவரே பதிலும் சொன்னார். துன்பத்தைக் கண்டவுடன் பாதிக்கப்பட்டவரின் விசுவாசத்தில் ஓட்டை தேடுவது அவர் காட்டிய வழியன்று. அரிசி வாங்கப் பணமில்லாத வீட்டிலிருந்து 1,000 ரிங்கிட்டைக் கேட்பதும் அவர் காட்டிய வழியன்று. பெற்றோரைத் தாங்க வேண்டிய பணத்தைக் ‘கொர்பான்’ என்று சொல்லிக் காணிக்கையாக்கிவிட்டவர்களை அவர் எவ்வளவு கோபத்தோடு கண்டித்தார் என்பதை மாற்கு ஏழாம் அதிகாரத்தில் வாசியுங்கள். உங்கள் மாமியாரும் அந்த வீட்டில்தான் சாப்பிடுகிறார் என்று நினைக்கிறேன்.

தசமபாகத்தைப் பற்றிய உபதேசம் சபைக்குச் சபை வேறுபடும் என்பதால் உங்கள் போதகரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். என் புரிதலைச் சொல்கிறேன். தசமபாகம் என்பது விளைந்ததில் பத்தில் ஒரு பங்கு. விளையாத வயலில் பங்கு பிரிக்க எதுவுமில்லை. உபாகமம் பதினான்காம் அதிகாரத்தில், மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தை ஊர் வாசலில் வைத்து, லேவியனும் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் வந்து புசித்துத் திருப்தியடையும்படி செய்யச் சொல்லியிருக்கிறது. அப்படியென்றால் கொடுக்கிற பக்கத்தில் நிற்கும் காலம் போலவே பெற்றுக்கொள்கிற பக்கத்தில் நிற்கும் காலமும் தேவனுடைய ஒழுங்குக்குள் அடங்கியதுதான். பதினோரு ஆண்டுகளாகக் கொடுத்த குடும்பம் சில மாதங்கள் சபையின் உதவியைப் பெறுவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் பவுல், ஒருவனுடைய மனவிருப்பம் ‘அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே’ அங்கீகரிக்கப்படும் என்கிறார். உங்களால் இயன்றால் இரண்டு ரிங்கிட் போடுங்கள். இயலாத ஞாயிற்றுக்கிழமையில் காணிக்கைப் பை உங்களைக் கடந்துபோகட்டும்.

தசமபாகத்துக்கென்று எல்லாரும் எடுத்துக்காட்டும் மல்கியா மூன்றாம் அதிகாரத்தின் பத்தாம் வசனத்துக்கு ஐந்து வசனம் முன்னால், கூலிக்காரரின் கூலியை அபகரித்துக்கொள்கிறவர்களுக்கு விரோதமாகத் தாம் சாட்சியாக வருவதாகக் கர்த்தர் சொல்கிறார். ஆகவே உங்கள் கணவருக்கு வர வேண்டிய 220 நாள் ஊதியத்தைக் கேட்டுத் தொழிலாளர் துறையின் படியேறுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அந்த வசனத்தையும் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ஜெபிக்க வார்த்தை வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வார்த்தை வராததைப் பற்றி இவ்வளவு வருந்துகிறவளுடைய விசுவாசம் செத்துப்போய்விட்டதாக நான் நினைக்கவில்லை. நம் ஆராதனைகளில் துதிப் பாடல்களே நிறைந்திருப்பதால், புலம்புவதற்கும் வேதத்தில் இடம் உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்று பதின்மூன்றாம் சங்கீதம் தொடங்குகிறது. எண்பத்தெட்டாம் சங்கீதமோ இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. கடைசியில் ஆறுதலான ஒரு வரிகூட இல்லாத அந்தப் பாட்டையும் பரிசுத்த ஆவியானவர் வேதத்தில் இருக்கவிட்டிருக்கிறார். ஆகவே அழகான ஜெபம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அந்தச் சங்கீதங்களில் ஒன்றை, அவை யாருடைய வாயிலிருந்து முதலில் வந்தனவோ அவர்களோடு சேர்ந்து வாசிப்பதாக எண்ணிக்கொண்டு, இரவில் சத்தமாக வாசியுங்கள். அதுவும் முடியாத இரவில் சும்மா உட்கார்ந்திருங்கள். என்ன வேண்டிக்கொள்வது என்று நாம் அறியாதிருக்கும்போது வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர்தாமே வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் எட்டாம் அதிகாரம் சொல்வதை நான் உண்மை என்றே நம்புகிறேன், அந்த நம்பிக்கையில்தான் இந்தப் பணியையும் செய்துவருகிறேன்.

மகளின் படிப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருந்தபோது, காவல் முற்றத்தில் அடைபட்டிருந்த தீர்க்கதரிசி எரேமியா, ஆனதோத்தில் இருந்த ஒரு நிலத்தைத் தன் பெரியதகப்பன் மகனிடமிருந்து பதினேழு சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்கினார். எதிரி கைப்பற்றப்போகும் தேசத்தில் நிலம் வாங்குவதைப் போன்ற பயனற்ற செலவு வேறில்லை என்று எவருக்கும் தோன்றும். ஆனால் அவர் சாட்சிகளை வைத்து, பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, நெடுங்காலம் கெடாமல் இருக்கும்படி அதை ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். அந்த ஜனத்துக்கு அங்கே ஓர் எதிர்காலம் உண்டு என்று கர்த்தர் சொன்னதை அவர் தம் பணத்தாலேயே ஒப்புக்கொண்டார். உங்கள் வீட்டில் ஆனதோத் நிலம் உங்கள் மகள்தான். குடும்பச் செலவில் எதை வேண்டுமானாலும் குறையுங்கள்; இணையத் தொலைக்காட்சியை நிறுத்துங்கள், வெளிச்சாப்பாட்டை நிறுத்துங்கள், கட்டாயமானால் காரையும் விற்றுவிடுங்கள். அவளுடைய எஸ்.பி.எம் தயாரிப்பில் கை வைக்காதீர்கள். தேர்வு முடிவு வரும்வரையிலான மாதங்களில் அவள் ஒரு கடையில் வேலை பார்ப்பதில் தவறில்லை, அது அவளுக்கும் நல்லதுதான். ஆனால் அதன் பிறகு ஆறாம் படிவமோ மெட்ரிகுலேசனோ பாலிடெக்னிக்கோ, குறைந்த செலவில் அரசாங்கம் நடத்தும் வழிகள் திறந்தே இருக்கின்றன என்பதை இப்போதே அவளை உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். அப்பாவின் வேலை போனதையும் அவளிடம் அவரே சொல்லட்டும். அவளுக்குத் தெரியாது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். படிப்பை விடுகிறேன் என்று அவள் சொல்வதைப் பார்த்தால் அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்று தோன்றுகிறது.

சொக்சோ அலுவலகத்துக்கு வரும் திங்கட்கிழமையே போய்விடுங்கள். அடையாள அட்டை, வேலைநீக்கக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை இன்றிரவே ஓர் உறையில் போட்டு வையுங்கள். அங்கிருந்து தொழிலாளர் துறைக்கும் அன்றே போக முடிந்தால் நல்லது. பாலர் பள்ளியில் ஒரு நாள் விடுப்புக் கேட்டுக்கொண்டு நீங்களும் அவரோடு போங்கள். ஏகேபிகே சந்திப்புக்குப் பிறகு வங்கிகள் என்ன சொல்கின்றன என்பதை எனக்கு எழுதுங்கள்; மாதச் செலவுக் கணக்கையும் அதோடு சேர்த்து அனுப்பினால், எந்தத் தவணையை முதலில் கட்டுவது என்று பார்த்துச் சொல்கிறேன்.